அறிவியல் பெட்டிக்கு இன்னும் பத்து வரி கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் ஓரமாக வரும் கேள்வி–பதில் பெட்டியைப் பற்றி எழுதுகிறேன். கடல், நிலநடுக்கம், செயற்கைக்கோள், கைபேசி என்று எதைக் கேட்டாலும் நான்கைந்து வரியில் பதில் சொல்லிவிடும் பெட்டி அது. நான் அதை விடாமல் படிக்கிறவன். எங்கள் வீட்டில் பேரன் பேத்திகள் முதலில் தேடுவதும் அதைத்தான். முழு நீளக் கட்டுரையைப் படிக்காதவர்கள்கூட அந்தப் பெட்டியைப் படித்துவிடுகிறார்கள். படித்ததை அடுத்தவரிடம் சொல்லவும் செய்கிறார்கள். அவ்வளவு தூரம் போய்ச் சேரும் பகுதி என்பதால்தான் அதில் வருவது சரியாக இருக்க வேண்டும் என்ற கவலை எனக்கு.

நான் வணிகக் கப்பல்களில் வானொலி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். புள்ளியும் கோடுமாகச் செய்தி அனுப்பும் மோர்ஸ் சாவியைத் தட்டிப் பிழைத்த கடைசித் தலைமுறை எங்களுடையது. 500 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒவ்வொரு மணியிலும் 15ஆம் நிமிடத்திலிருந்தும் 45ஆம் நிமிடத்திலிருந்தும் மும்மூன்று நிமிடங்கள் யாரும் எதுவும் அனுப்பக் கூடாது. எங்கோ ஒரு கப்பல் ஆபத்தில் இருந்தால், அதன் மெலிந்த ஒலி அந்த அமைதியில் காதில் விழ வேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. வானொலி அறைக் கடிகாரத்தின் முகத்தில் அந்த நிமிடங்களைச் சிவப்பாகத் தீட்டி வைத்திருப்பார்கள். 1999 பிப்ரவரியோடு அந்த முறை முடிந்து, செயற்கைக்கோள் கருவிகளும் தானியங்கி எச்சரிக்கைகளும் அந்த வேலையை எடுத்துக்கொண்டன.

எங்கள் கப்பலில் ஒரு முதன்மை அதிகாரி இருந்தார். பயிற்சிக்கு வரும் இளைஞர்களிடம் அவர் ஏதாவது ஒரு கேள்வி கேட்பார். பதில் சொன்னதும் தலையாட்டிவிட்டு, “அப்படியானால்?” என்று அந்தப் பதிலிலிருந்தே அடுத்த கேள்வியை எடுப்பார். ஒருமுறை, பகலில் கேட்காத தொலைதூர வானொலி நிலையங்கள் இரவில் ஏன் தெளிவாகக் கேட்கின்றன என்று கேட்டார். “இரவில் அயனி மண்டலம் நன்றாக வேலை செய்கிறது, சார்” என்றான் பையன். “அயனி மண்டலத்தை உண்டாக்குவதே சூரியன். அப்படியானால் இரவில் அது பலவீனமாகத்தானே இருக்க வேண்டும்?” என்றார் அவர். பையனிடம் பதில் இல்லை.

அயனி மண்டலம் என்பது வெகு உயரத்தில், சூரிய ஒளியால் மின்னூட்டம் பெற்ற காற்று அடுக்குகள். உண்மையில், சூரியன் மறைந்ததும் சுமார் 60 முதல் 90 கி.மீ. உயரத்தில் இருக்கும் அதன் கீழ் அடுக்கு ஏறக்குறைய இல்லாமலே போய்விடுகிறது. பகலில் நடுத்தர அலைகளையும், சிற்றலைகளில் நீளமானவற்றையும் விழுங்கிக்கொண்டிருந்தது அதுதான். அதற்கும் மேலே, 300 கி.மீ. அளவில் உள்ள அடுக்கு இரவிலும் ஓரளவு தங்குகிறது. அலைகளை வளைத்துப் பூமிக்குத் திருப்புவது அந்த அடுக்கு. இதைச் சொல்ல இரண்டு வாக்கியம்தான் கூடுதலாகத் தேவைப்பட்டது. ஆனால் அந்த இரண்டு வாக்கியத்துக்குப் பிறகு, எந்த நேரத்தில் எந்த அலைவரிசைக்கு மாற வேண்டும் என்பதை அந்தப் பையன் யாரையும் கேட்காமல் தானே முடிவு செய்யத் தொடங்கினான்.

தங்கள் பெட்டியில் வரும் விளக்கங்கள் பெரும்பாலும் அந்த அடுத்த கேள்விக்கு முன்பாகவே நின்றுவிடுகின்றன. சில, அந்தக் கேள்வி வந்ததும் நிற்க முடியாமல் சரிந்துவிடுகின்றன. சரியான கேள்வியைக் கேட்கிற பிள்ளை, “எனக்குத்தான் புரியவில்லை போலிருக்கிறது” என்று நினைத்து ஒதுங்கிக்கொள்கிறது. எனக்கு வருத்தமாக இருப்பது அதுதான்.

சென்ற மாதம் ஓதம், அதாவது கடல் மட்டம் தினமும் ஏறி இறங்குவது, பற்றி ஒரு பெட்டி வந்தது. நிலா தன் ஈர்ப்பால் கடல் நீரைத் தன் பக்கம் இழுக்கிறது, அதனால் அந்தப் பக்கம் கடல் மட்டம் உயர்கிறது என்று அதில் இருந்தது. படித்த உடனே என் பேத்தி, “அப்படின்னா ஒரு நாளைக்கு ஒரு தடவைதானே ஏறணும் தாத்தா? ரெண்டு தடவை ஏறுதுன்னு நீங்கதானே சொன்னீங்க?” என்றாள். அவள் கேட்டது சரி. பெரும்பாலான கரைகளில் ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே 12 மணி 25 நிமிடம்தான். நிலாவுக்கு நேர் எதிரே, பூமியின் மறுபக்கத்திலும் அதே சமயத்தில் நீர் மட்டம் ஏறப் பார்க்கிறது. அங்கே அதை இழுப்பது யார்?

இன்னும் ஒரு கேள்வியும் இருக்கிறது. பூமியை நிலா இழுப்பதைவிடச் சூரியன் ஏறத்தாழ 180 மடங்கு பலமாக இழுக்கிறது. இழுப்பதுதான் காரணம் என்றால் ஓதத்தைச் சூரியன் அல்லவா ஆட்டிப் படைக்க வேண்டும்? ஆனால் சூரியனால் வரும் ஓத விசை நிலாவால் வருவதில் பாதிகூட இல்லை.

இரண்டு கேள்விக்கும் விடை ஒன்றே. கடலை ஏற்றி இறக்குவது, இழுப்பில் இடத்துக்கு இடம் உள்ள வேறுபாடு. நிலாவுக்குப் பக்கத்தில் இருக்கும் கடலைப் பூமியின் நடுப்பகுதியைவிடச் சற்று அதிகமாகவும், மறுபக்கத்துக் கடலை நடுப்பகுதியைவிடச் சற்றுக் குறைவாகவும் நிலா இழுக்கிறது. பக்கத்து நீர் முந்திக்கொள்ளப் பார்க்கிறது, மறுபக்கத்து நீர் பின்தங்கப் பார்க்கிறது. அதனால் இரண்டு பக்கமும் ஏற்றம். சூரியன் நிலாவைவிட ஏறத்தாழ 390 மடங்கு தொலைவில் இருப்பதால், பூமியின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் இடையே அதன் இழுப்பில் பெரிய வேறுபாடு இல்லை. இழுப்பைத் தொலைவால் வகுத்தால் இந்த வேறுபாட்டை ஒப்பிட்டுவிடலாம். 180ஐ 390ஆல் வகுத்துப் பாருங்கள். 0.46 வரும். சூரியனின் ஓத விசை நிலாவின் விசையில் 46 சதவீதம் என்பது அதுதான். எட்டாம் வகுப்புப் பிள்ளை காகிதத்தில் போட்டுப் பார்த்துவிடக் கூடிய கணக்கு இது. என் பேத்தி போட்டாள்.

இதோடும் முடியவில்லை. நிலாவின் ஓத விசை பூமியின் ஈர்ப்பில் ஏறக்குறைய கோடியில் ஒரு பங்குதான். அவ்வளவு சிறிய விசை கடலை நேராகத் தூக்கிவிடாது. அது பக்கவாட்டில் நீரைத் தள்ளுகிறது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அகலமுள்ள பெருங்கடலில் அந்தத் தள்ளல் சேர்ந்து சேர்ந்துதான் ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் என்று ஏற்றம் கிடைக்கிறது. குளத்திலும் கிணற்றிலும் ஓதம் தெரியாததற்குக் காரணமும் இதுவே.

பாடப் படங்களில் பூமியின் இருபுறமும் நீர் புடைத்திருப்பதுபோல வரைகிறார்களே, நிஜக் கடல் அப்படி இருப்பதில்லை. நிலா நேர் உச்சியில் இருக்கும் இடம், பூமி சுழல்வதால், நிலநடுக்கோட்டில் மணிக்கு 1,600 கி.மீ. வேகத்தில் நகர்கிறது. 4 கி.மீ. ஆழமுள்ள கடலில் இவ்வளவு நீளமான அலை மணிக்கு 700 கி.மீ. அளவில்தான் ஓட முடியும். நிலாவைத் துரத்த முடியாத நீர், கண்டங்களில் மோதித் திரும்பி, பூமியின் சுழற்சியால் வளைந்து, கடலுக்குள்ளேயே சில புள்ளிகளைச் சுற்றி வருகிறது. கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் 16 மீட்டர் வரை வித்தியாசம் வருவதும், மத்தியதரைக் கடலின் பெரும்பகுதியில் அரை மீட்டர்கூட இல்லாததும், வியட்நாமை ஒட்டிய டோங்கின் விரிகுடாவில் நாளுக்கு ஒரே ஒரு ஏற்றம் வருவதும் இதனால்தான். பசிபிக்கில் டஹிட்டித் தீவில், நிலாவின் ஓதம் கிட்டத்தட்ட இல்லாத ஒரு புள்ளிக்கு அருகில் கரை இருப்பதால், சூரியன் கை ஓங்கிவிடுகிறது. அங்கே ஒவ்வொரு நாளும் நண்பகலை ஒட்டியும் நள்ளிரவை ஒட்டியும் கடல் ஏறும். “நிலா இழுக்கிறது” என்று மட்டும் படித்தவரிடம் டஹிட்டியைச் சொன்னால் அவர் என்ன செய்வார்?

இவ்வளவையும் ஒரு பெட்டியில் அடைக்கச் சொல்லவில்லை. இழுப்பில் உள்ள வேறுபாடு என்ற ஒன்றைச் சொல்லி, அந்த வகுத்தல் கணக்கையும் கொடுத்திருந்தால் போதும். மீதியை வாசகர் தேடிப் போவார்.

ஓதத்தில் தவறாகப் புரிந்துகொண்டால் யாருக்கும் உயிர் போகாது. சுனாமியில் போகும். அதனால் இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில நாட்களுக்கு முன் வந்த பெட்டியில், சுனாமி வருவதற்கு முன் கடல் உள்வாங்கும், அதைக் கண்டதும் ஓட வேண்டும் என்று இருந்தது. கடல் திடீரென்று உள்வாங்கினால் ஓடத்தான் வேண்டும், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த வரியைப் படித்தவர், உள்வாங்காத வரை ஆபத்து இல்லை என்றுதான் எடுத்துக்கொள்வார். அது பொய்யான தைரியம்.

கடலடித் தட்டு ஒன்று இன்னொன்றின் கீழ் சறுகும்போது, தரையின் ஒரு பகுதி மேலே எழும்புகிறது, பக்கத்தில் இன்னொரு பகுதி தாழ்கிறது. எழும்பிய பக்கத்தை நோக்கிய கரைகளுக்கு முதலில் மேடு வந்து சேரும். தாழ்ந்த பக்கத்தை நோக்கிய கரைகளுக்கு முதலில் பள்ளம் வரும். கடல் உள்வாங்குவது அந்தப் பள்ளம் வந்து சேர்வதைத்தான் காட்டுகிறது. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவுக்கு மேற்கே நிகழ்ந்த 9.1 அளவு நிலநடுக்கத்தில், கிழக்கே இருந்த தாய்லாந்துக் கரைகளில் கடல் முதலில் பின்வாங்கியது. மேற்கே இருந்த இலங்கைக்கும் இந்தியாவுக்கும் மேடுதான் முன்னால் வந்தது. நம் பக்கத்துக் கரையில் நின்றிருந்த பலருக்குக் கடல் முன்னறிவிப்பு எதையும் தரவில்லை. இரண்டாயிரத்து நான்கைப் பார்த்த மக்களுக்கு எழுதும் நாளிதழ் இதைத் தவறாமல் சொல்ல வேண்டும்.

அதே பெட்டியில் நடுக்கடலில் மலைபோல் எழும் அலை என்றும் இருந்தது. நடுக்கடலில் அது அப்படி இருக்காது. அந்த நிலநடுக்கம் நிகழ்ந்து ஏறத்தாழ 2 மணி நேரம் கழித்து, ஜேசன்-1 என்ற செயற்கைக்கோள் இந்தியப் பெருங்கடலின் மேல் கடந்துபோனது. ஆழ்கடலில் அது அளந்த அலையின் உயரம் சுமார் 60 செ.மீ. அந்த 60 செ.மீ. ஏற்றம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்குப் பரவியிருந்தது. அதன் மேல் போகிற கப்பல், பல நிமிடங்கள் எடுத்துக்கொண்டு அரை மீட்டர் உயர்ந்து அரை மீட்டர் தாழும். மாலுமிக்கு ஒன்றும் தெரியாது. போதிய அவகாசம் இருந்தால் துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களை ஆழ்கடலுக்கு எடுத்துப் போகச் சொல்வது இதனால்தான்.

கரையில் மட்டும் ஏன் அந்தக் கோரம்? கடலின் ஆழத்தை மீட்டரில் எடுத்து 9.8ஆல் பெருக்கி வர்க்கமூலம் காணுங்கள். வினாடிக்கு எத்தனை மீட்டர் வேகத்தில் அலை ஓடும் என்பது கிடைத்துவிடும். 4,000 மீட்டர் ஆழத்தில் வினாடிக்கு 198 மீட்டர், அதாவது மணிக்கு 700 கி.மீ.க்கு மேல். 10 மீட்டர் ஆழத்தில் வினாடிக்கு 10 மீட்டர்கூட இல்லை, மணிக்குச் சுமார் 36 கி.மீ. முன்னால் போகும் நீர் வேகம் குறைந்து தயங்க, பின்னால் வரும் நீர் இன்னும் வேகமாக வந்து சேர, இடம் இல்லாமல் உயரம் கூடுகிறது. மேலே ஓதத்துக்கு நான் சொன்ன 700 கி.மீ. வேகமும் இதே கணக்கிலிருந்து வந்ததுதான். ஒரே ஒரு சூத்திரம் இரண்டு பெட்டிகளுக்கும் போதுமானதாக இருந்திருக்கும்.

இந்த அலையின் நீளம் தெரிந்தால் இன்னொன்றும் விளங்கும். சாதாரண அலை சில வினாடிகளில் கரையைத் தொட்டுத் திரும்பிவிடும். சுனாமியில் கடல் பல நிமிடங்களுக்கு உள்ளே வந்துகொண்டே இருக்கும். பிறகு வற்றும். பத்து நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை இடைவெளி விட்டு மறுபடியும் வரும். முதலில் வருவதுதான் பெரியது என்ற விதியும் கிடையாது. முதல் அலை வடிந்ததும் பொருளை எடுக்கவும் உறவினரைத் தேடவும் கரைக்குத் திரும்பியவர்கள் எத்தனையோ பேர். அலையின் நீளத்தைப் பற்றி முன்பே ஒரு வரி படித்திருந்தால் அவர்களில் சிலராவது காத்திருப்பார்கள் என்று நான் நம்புகிறேன்.

இனிக் கைபேசிக்கு வருகிறேன். செயற்கைக்கோள் வானிலிருந்து நம் கைபேசியைக் கண்டுபிடித்து, நாம் இருக்கும் இடத்தை நமக்கு அனுப்புகிறது என்று ஜிபிஎஸ் பற்றி எழுதியிருந்தீர்கள். வானொலிக்காரன் என்ற முறையில் இதை என்னால் சும்மா கடந்துபோக முடியவில்லை. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் 20,200 கி.மீ. உயரத்தில் இருக்கின்றன. அப்படியானால் கையில் அடங்கும் ஒரு கருவி, சிறிய மின்கலத்தை வைத்துக்கொண்டு, அவ்வளவு தூரத்துக்கு எப்படிப் பதில் அனுப்புகிறது? முப்பது சொச்சம் செயற்கைக்கோள்கள் உலகத்துக் கைபேசிகள் அத்தனையோடும் ஒரே நேரத்தில் எப்படிப் பேசுகின்றன?

பேசுவதே இல்லை. ஒவ்வொரு செயற்கைக்கோளும் தான் எங்கே இருக்கிறது, தன் கடிகாரத்தில் இப்போது மணி என்ன என்ற இரண்டையும் ஓயாமல் ஒலிபரப்புகிறது. கைபேசி கேட்கிறது, அவ்வளவுதான். நான்கு செயற்கைக்கோள்களின் நேரக்குறிப்புகள் எவ்வளவு தாமதமாக வந்தன என்பதைப் பார்த்துத் தன் இடத்தைத் தானே கணக்கிட்டுக்கொள்கிறது. மூன்று, இடத்துக்கு. நான்காவது, கைபேசிக் கடிகாரத்தின் பிழையைக் கழிப்பதற்கு. ஒரு மைக்ரோ வினாடி பிசகினால் 300 மீட்டர் பிசகும். பூமியிலிருந்து பார்த்தால் அந்தக் கடிகாரங்கள் வேகத்தால் நாளுக்கு 7 மைக்ரோ வினாடி பிந்துகின்றன, ஈர்ப்பு குறைவான உயரத்தில் இருப்பதால் 45 முந்துகின்றன. மிச்சம் 38 முந்தல். அந்த நேரத்தில் ஒளி 11 கி.மீ. போய்விடும் என்பதால், ஏவுவதற்கு முன்பே கடிகாரங்களைச் சற்று மெதுவாக ஓடும்படி அமைத்துவிடுகிறார்கள். வேகமும் ஈர்ப்பும் கடிகாரத்தின் ஓட்டத்தை மாற்றும் என்று ஐன்ஸ்டீன் சொன்ன சார்பியல் நம் சட்டைப்பைக்குள் வந்துவிட்டதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

இதில் வாசகருக்கு நேரடியான பயன் ஒன்று உண்டு. செயற்கைக்கோளுக்கு நாம் யார் என்றே தெரியாது. நம் இருப்பிடம் அடுத்தவருக்குத் தெரிகிறது என்றால், கைபேசியில் நாம் அனுமதி கொடுத்த ஏதோ ஒரு செயலி, இணையத்தின் வழியே அதை அனுப்பிக்கொண்டிருக்கிறது. அல்லது, எந்தக் கோபுரத்தோடு கைபேசி தொடர்பில் இருக்கிறது என்பது தொலைபேசி நிறுவனத்துக்குத் தெரிந்திருக்கிறது. வானத்தைப் பார்த்துப் பயப்படுகிறவர், அமைப்புகளுக்குள் போய் அந்த அனுமதியை நிறுத்த வேண்டும் என்று நினைக்கவே மாட்டார். தவறான விளக்கம் அவரைத் தவறான இடத்தில் காவல் நிற்க வைத்துவிடுகிறது.

பூமியின் உட்பகுதி பற்றிய பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் காலடியில் நெருப்புக் குழம்புக் கடல் இருக்கிறது, அதன் மேல் நிலத்தட்டுகள் மிதக்கின்றன என்ற விளக்கம் எத்தனை வருடமாகத் திரும்பத் திரும்ப வருகிறது! மேலோட்டின் கீழ் 2,900 கி.மீ. ஆழம் வரை இருக்கும் கவசப் பகுதி திடமான பாறை. மிகுந்த வெப்பத்தில், ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் என்ற அளவில் மெல்ல நகரும் திடப்பொருள். அழுத்தம் குறையும் இடத்திலும், நீர் கலக்கும் இடத்திலும் அதில் சிறு பங்கு உருகுகிறது. எரிமலையில் வெளிவருவது அதுதான்.

“உள்ளே போய்ப் பார்த்தவர் யார்?” என்று எந்தப் பிள்ளையும் கேட்கும். யாரும் போகவில்லை. ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் தோண்டிய துளைதான் செங்குத்து ஆழத்தில் மனிதன் போட்டதில் மிக ஆழமானது, 12,262 மீட்டர். பூமியின் மையம் 6,371 கி.மீ. கீழே இருக்கிறது. ஆனாலும் தெரியும், ஏனென்றால் பெரிய நிலநடுக்கத்தின் அதிர்வுகள் பூமியை ஊடுருவி மறுபக்கத்துக்குப் போகின்றன. அவற்றில் பக்கவாட்டில் அசைத்துக்கொண்டு போகும் வகை திடப்பொருளில் மட்டுமே செல்லும், திரவத்தில் செல்லாது. கவசப் பகுதியை அது கடந்துவிடுகிறது. 2,900 கி.மீ. ஆழத்தைத் தாண்டி உள்ளே போகும்போது நின்றுவிடுகிறது. திரவம் அங்கேதான் தொடங்குகிறது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் இருந்த ரிச்சர்ட் டிக்சன் ஓல்டம், 1897 அசாம் நிலநடுக்கத்தை ஆராயும்போது இந்த அதிர்வு வகைகளைப் பிரித்துக் காட்டினார். பூமிக்குத் தனியாக ஒரு மையக் கரு இருப்பதற்கான சான்றை 1906இல் முன்வைத்தவரும் அவரே. அந்தத் திரவத்துக்கும் உள்ளே மற்றொரு திட உருண்டை இருப்பதை டென்மார்க்கைச் சேர்ந்த இங்கெ லேமன் (Inge Lehmann) என்ற பெண்மணி 1936இல் கண்டுபிடித்தார், நிலநடுக்கப் பதிவுகளில் வர வேண்டாத இடத்தில் வந்து விழுந்த மெல்லிய அதிர்வுகளைப் பார்த்து. ஒரு வானொலிக்காரனுக்கு இது எவ்வளவு மகிழ்ச்சியான செய்தி தெரியுமா? இரைச்சலுக்குள் ஒளிந்திருந்த ஒரு சிறு துடிப்பிலிருந்து பூமியின் நடுவையே ஒருவர் கண்டுபிடித்திருக்கிறார். இந்தக் கதையை விட்டுவிட்டு “நெருப்புக் குழம்பு” என்று முடித்துவிடுவது பிள்ளைகளுக்குச் செய்யும் வஞ்சனை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பு இல்லை என்பது சரியல்ல. 400 கி.மீ. உயரத்தில் புவியீர்ப்பு தரையில் இருப்பதில் ஏறத்தாழ 90 சதவீதம் இருக்கிறது. நிலையமும் உள்ளே இருப்பவர்களும் சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பதாலும், வினாடிக்கு 7.7 கி.மீ. பக்கவாட்டு வேகத்தால் பூமியைத் தவறவிட்டுக்கொண்டே இருப்பதாலும் மிதக்கிறார்கள். ஈர்ப்பு அங்கேயே தீர்ந்துபோயிருந்தால் 3,84,000 கி.மீ. தொலைவில் உள்ள நிலா ஏன் நம்மைச் சுற்ற வேண்டும்? சூரியனுக்கு அருகில் போனால் கோடை என்பதும் அப்படித்தான். பூமி சூரியனுக்கு மிக நெருங்குவது ஜனவரித் தொடக்கத்தில். அப்போது வட அரைக்கோளம் குளிரில் இருக்கிறது.

தங்கள் பக்கத்தில் நல்ல விளக்கமே வந்ததில்லை என்று நான் சொல்லவில்லை. ஒரு சந்திர கிரகணத்தின்போது, நிலாவின் மேல் விழும் பூமி நிழலின் விளிம்பு வளைந்திருப்பதைக் கவனித்து, அந்த வளைவை ஒரு காகிதத்தில் வரைந்து, முழு வட்டமாக நீட்டி, நிலாவைவிட அது எத்தனை மடங்கு பெரியது என்று அளக்கச் சொல்லி ஒரு கட்டுரை வந்தது. அரிஸ்டார்கஸ் என்ற கிரேக்கர் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் அதே வழியில் போனதையும் அதில் சொல்லியிருந்தார்கள். அன்றிரவு எங்கள் மொட்டைமாடியில் பேரப்பிள்ளைகளோடு அண்டை வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டு, யார் வரைந்தது சரி என்று சண்டையே போட்டார்கள். நேரமாகியும் யாரும் கீழே இறங்கவில்லை. அந்தக் கட்டுரையை எழுதியவரை எனக்குத் தெரியாது, ஆனால் அவரிடமே இந்தப் பெட்டியையும் கொடுத்தால் நன்றாக இருக்கும் என்று அன்று முதல் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இடம் இல்லை என்று தாங்கள் சொல்லக்கூடும். தினமும் ஒரு பெட்டி போடுவதற்குப் பதிலாக, வாரத்தில் இரண்டு போடுங்கள். மிச்சமாகும் இடத்தில் அவை இரண்டும் போதுமான அளவு வளரும். வாசகர்களுக்கு எண்கள் பிடிக்காது என்பார்கள் சிலர். எண்ணைத் தனியாகத் தூக்கி நிறுத்தினால் பிடிக்காதுதான். 180ஐ 390ஆல் வகுத்துப் பார் என்று சொன்னால் பென்சில் எடுக்கிறார்கள், நான் கண்ணால் பார்த்தது.

என் கோரிக்கைகள் இவை. பெட்டியில் எந்த விளக்கம் வந்தாலும், அது எப்படித் தெரியவந்தது என்று ஒரு வரியாவது இருக்கட்டும். யார் அளந்தார், எதை வைத்து அளந்தார் என்பது போதும். அச்சுக்குப் போகும் முன், அந்தத் துறை தெரிந்த ஒருவரும் பள்ளிப் பிள்ளை ஒருவரும் படித்துவிடட்டும். பிழையை அவர் பிடிப்பார், அடுத்த கேள்வியை இவர் கேட்பார். வாசகர்களிடமிருந்து வரும் அந்த இரண்டாவது கேள்விகளையும் அச்சிடுங்கள். ஒரு விளக்கம் தவறாக வந்துவிட்டால், திருத்தத்தை உள்பக்க மூலையில் போடாமல் அதே பெட்டியில், அதே அளவு எழுத்தில் போடுங்கள்.

சுனாமி பற்றிய திருத்தத்தை மட்டும் இந்த ஏற்பாடுகளுக்காகக் காத்திருக்க வைக்க வேண்டாம். அடுத்த பதிப்பிலேயே வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதில் இருக்க வேண்டியவை: கடல் உள்வாங்கிவிட்டு வரலாம், உள்வாங்காமலும் வரலாம். கரையோரத்தில் இருக்கும்போது நிலம் நெடுநேரம் அதிர்ந்தால் அதுவே எச்சரிக்கை, வேறு அறிவிப்புக்குக் காத்திராமல் மேட்டுக்குப் போக வேண்டும். தொலைவில் நிகழும் நிலநடுக்கம் நம் காலுக்குத் தெரியாமலே போகலாம். அதற்காகத்தான் 2007 முதல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது, அங்கிருந்து வரும் அறிவிப்பை அலட்சியம் செய்யக் கூடாது. முதல் அலை வடிந்த பிறகும், ஆபத்து நீங்கியது என்று அதிகாரிகள் அறிவிக்கும் வரை பல மணி நேரமானாலும் கரைக்குத் திரும்பக் கூடாது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற கப்பல் வானொலி அதிகாரி